எம்.டி.எஃப் ஆப்ஜெக்ட் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஊழியர் நிர்வாக மென்பொருளான எஸ்.ஏ.பி சக்சஸ்ஃபேக்டர்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஃபீல்டுகள் போதாமல், நிறுவனத்துக்கென்று தனியாக ஏதாவது பதிந்துவைக்க வேண்டுமென்றால் எம்.டி.எஃப் எனப்படும் மெட்டாடேட்டா ஃபிரேம்வொர்க்கில் ஒரு ஜெனரிக் ஆப்ஜெக்ட், அதாவது நமக்கு வேண்டிய ஃபீல்டுகள் கொண்ட ஒரு பதிவேடு, உருவாக்குவோம். புரோகிராம் கோடு எதுவும் எழுத வேண்டாம். ‘கான்ஃபிகர் ஆப்ஜெக்ட் டெஃபினிஷன்ஸ்’ திரையில் சில டிராப்டவுன்களைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் போதும். வில்லங்கமும் அந்த டிராப்டவுன்களில்தான் இருக்கிறது. அன்றைக்கு யோசிக்காமல் விட்ட ஒரு ‘நோ’, கோ-லைவ் (சிஸ்டம் பயன்பாட்டுக்கு வருவது) முடிந்து எல்லோரும் ஓய்ந்த பிறகு, "மேனேஜருக்கு எதுவும் தெரியவில்லை" என்று டிக்கெட்டாக வந்து நிற்கும்.

பேச வசதியாக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஊழியருக்கு நிறுவனம் கொடுத்த லேப்டாப், ஃபோன், அக்செஸ் கார்டு போன்றவற்றைப் பதிய ஓர் ஆப்ஜெக்ட். என்ன பொருள், சீரியல் நம்பர் என்ன, கொடுத்த தேதி, திரும்ப வாங்கிய தேதி. இவ்வளவுதான். ஆனால் பிழைகளில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன உதாரணத்துக்குள்ளேயே வந்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் டெஃபினிஷனைத் திறப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: யாருடைய லாகினில் பார்த்தது, எந்தத் தேதி நிலவரம், எந்தத் திரை. பிறகு அதே ரெக்கார்டை ‘மேனேஜ் டேட்டா’வில் அட்மினாகத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் தகவல் பத்திரமாக இருக்கிறது. கோளாறு திரையிலோ பெர்மிஷனிலோ. அங்கேயே தப்பாக இருந்தால்தான் டெஃபினிஷன் பக்கம் போக வேண்டும். இதைச் செய்யாமல் நேராக டெஃபினிஷனில் கை வைக்கிறவர்கள் ஒரு பிழையை இரண்டாக்கிவிடுவார்கள்.

ஆப்ஜெக்ட் செய்தாயிற்று, மேனேஜ் டேட்டா பட்டியலில் காணோம்

டெஃபினிஷனில் ஸ்டேட்டஸ் ‘ஆக்டிவ்’தானா என்று பாருங்கள். அடுத்து கீழே செக்யூரிட்டி பகுதியில் ‘செக்யூர்ட்’ என்ன சொல்கிறது என்று பாருங்கள். ‘யெஸ்’ என்றால், தேர்ந்தெடுத்த பெர்மிஷன் கேட்டகரியின் கீழ், பெரும்பாலும் ‘மிசலேனியஸ் பெர்மிஷன்ஸ்’, உங்கள் ரோலில் (உங்களுக்குத் தரப்பட்ட பெர்மிஷன்களின் தொகுப்பு) அந்த ஆப்ஜெக்டுக்கு டிக் போட்டிருக்க வேண்டும். ஆப்ஜெக்டை உருவாக்கியவர் என்பதற்காக சிஸ்டம் யாருக்கும் சலுகை தராது. ‘நோ’ என்றால், மெட்டாடேட்டா ஃபிரேம்வொர்க் பெர்மிஷன்களில் ‘அக்செஸ் டு நான்-செக்யூர்ட் ஆப்ஜெக்ட்ஸ்’ வேண்டும். பெர்மிஷன் மாற்றியதும் ஒருமுறை லாகவுட் செய்து உள்ளே வாருங்கள்.

தேடுவது காம்போசிட் சைல்டு ஆப்ஜெக்டாக, அதாவது பேரன்ட் எனப்படும் இன்னோர் ஆப்ஜெக்டுக்குள் அடங்கியதாக இருந்தால் இது பிழையே இல்லை. அதைத் தனியாக உருவாக்க முடியாது. பேரன்ட் ரெக்கார்டைத் திறந்து அதற்குள்தான் சைல்டு வரியைச் சேர்க்க வேண்டும்.

ஒரு ஊழியருக்கு இரண்டாவது பொருள் சேர்த்தால், முதல் பொருள் காணாமல் போகிறது

அடிக்கடி வருவதும் சரிசெய்ய அதிகம் செலவாவதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ப்ரொஃபைலில் காட்ட வேண்டும் என்பதற்காக எக்ஸ்டர்னல் கோடின் டேட்டா டைப்பை ‘யூசர்’ என்று வைத்திருப்பார்கள். அது சரிதான், யூசர் இல்லாவிட்டால் பீப்பிள் ப்ரொஃபைலில் அந்த ஆப்ஜெக்டைக் காட்ட முடியாது. ஆனால் எக்ஸ்டர்னல் கோடு என்பது ரெக்கார்டின் சாவி. சாவியே ஊழியர் என்றால், ஓர் ஊழியருக்கு ஒரு ரெக்கார்டுதான் இருக்க முடியும். லேப்டாப்பைப் பதிந்தாயிற்று, ஃபோனுக்கு இடமில்லை.

இங்கேதான் பலர் எஃபெக்டிவ் டேட்டிங்கை ‘பேசிக்’ என்று வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். தேதி வாரியாகப் பல வரிகள் வரும், அதனால் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு தேதியில் போட்டுவிடலாம் என்ற கணக்கு. சிஸ்டத்தின் கணக்கு வேறு. ஜனவரி 5-இல் லேப்டாப், மார்ச் 10-இல் ஃபோன் என்று போட்டால், "ஜனவரி 5 முதல் மார்ச் 9 வரை இவரிடம் லேப்டாப், மார்ச் 10 முதல் ஃபோன்" என்று அது புரிந்துகொள்ளும். இன்றைய நிலவரத்தில் ஃபோன் மட்டும் தெரியும். லேப்டாப் அழியவில்லை, ஹிஸ்டரியில் இருக்கிறது. டேட்டா போய்விட்டது என்று பதறி யாராவது மறுபடி ஏற்றத் தொடங்குவதற்கு முன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டிவிடுங்கள்.

எஃபெக்டிவ் டேட்டிங் என்பது ஒரே விஷயம் காலப்போக்கில் மாறுவதைப் பதிவதற்கு. ஒரே நேரத்தில் பல விஷயங்கள் இருப்பதைப் பதிய அது உதவாது. ‘மல்டிபிள் சேஞ்சஸ் பெர் டே’ என்று மாற்றினாலும் ஒரே நாளில் பல மாற்றங்களை ஏற்குமே தவிர இந்தச் சிக்கல் தீராது.

தீர்வு, இரண்டு ஆப்ஜெக்ட். பேரன்டில் எக்ஸ்டர்னல் கோடு யூசர். வேறு ஃபீல்டு அநேகமாகத் தேவையே இல்லை. சைல்டில் எக்ஸ்டர்னல் கோடு ஆட்டோ நம்பர். பொருள், சீரியல் நம்பர், இரண்டு தேதிகள் எல்லாம் அதில். பேரன்ட் டெஃபினிஷனின் அசோசியேஷன்ஸ் பகுதியில் சைல்டைச் சேர்த்து, மல்டிப்ளிசிட்டி ‘ஒன் டு மெனி’, டைப் ‘காம்போசிட்’ என்று கொடுங்கள். ஊழியர் பக்கத்தில் ஓர் அட்டவணையாக வந்து உட்காரும்.

பேரன்டின் எஃபெக்டிவ் டேட்டிங்கை என்ன வைப்பது? இந்த உதாரணத்துக்கு ‘நன்’ போதும் என்பது என் கருத்து. கொடுத்த தேதியும் திரும்ப வாங்கிய தேதியும் சாதாரண டேட் ஃபீல்டுகளாகவே இருக்கட்டும். "பின்னால் தேவைப்படலாம்" என்று பேசிக் வைத்தால் சைல்டை ‘ஃப்ரம் பேரன்ட்’ என்று வைக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு புதிய தேதிக்கும் பேரன்டும் சைல்டு வரிகள் எல்லாமும் சேர்ந்து ஒரு புதிய தொகுப்பாக நிற்கும். ரிப்போர்ட் எழுதுகிறவர் உங்களைத் தேடி வருவார். யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரிந்தால் போதும் என்றால் ‘எம்.டி.எஃப் வெர்ஷன் ஹிஸ்டரி’ அமைப்பு அதைப் பார்த்துக்கொள்ளும்.

தகவல் ஏறிவிட்ட ஆப்ஜெக்டில் எஃபெக்டிவ் டேட்டிங்கை மாற்றிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். இருக்கும் ரெக்கார்டுகளை ஹிஸ்டரியோடு எக்ஸ்போர்ட் செய்து, புதிதாக இரண்டு ஆப்ஜெக்ட் அமைத்து, மறுபடி இம்போர்ட் செய்வதே நேரான வழி. பழையதை இன்ஆக்டிவ் ஆக்கிவிடுங்கள். கொஞ்சம் வலிக்கும், ஆனால் 200 ரெக்கார்டில் வலிப்பது 20,000 ரெக்கார்டில் வலிப்பதைவிடப் பரவாயில்லை.

புது ஃபீல்டு மேனேஜ் டேட்டாவில் வருகிறது, ப்ரொஃபைலில் வரவில்லை

ப்ரொஃபைலில் தெரிவது ஆப்ஜெக்டின் டெஃபினிஷன் அல்ல, ‘மேனேஜ் கான்ஃபிகரேஷன் யூஐ’யில் யாரோ வரைந்து வைத்த திரை. டெஃபினிஷனில் ஃபீல்டு சேர்த்தால் அந்தத் திரை தானாக மாறாது. அங்கே போய் ஃபீல்டைச் சேர்த்து சேவ் செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் ஃபீல்டின் விசிபிலிட்டி ‘நாட் விசிபிள்’ ஆக இருக்கலாம், அல்லது ரோலில் அந்த ஃபீல்டுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போட்டிருக்கலாம்.

பிளாக் முழுவதுமே வரவில்லையா? ‘கான்ஃபிகர் பீப்பிள் ப்ரொஃபைல்’ போய், ‘லைவ் ப்ரொஃபைல் எம்.டி.எஃப் இன்ஃபர்மேஷன்’ பிளாக் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அதில் சரியான கான்ஃபிகரேஷன் யூஐ தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஆப்ஜெக்டுக்கு இரண்டு திரைகள் இருக்கும்போது, பழையதை பிளாக்கில் மாட்டிவிட்டுப் புதியதைத் திருத்திக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. திரைகளுக்கு ‘டெஸ்ட்1’, ‘ஃபைனல் புதுசு’ என்றெல்லாம் பெயர் வைத்தால் இப்படித்தான்.

டிராப்டவுனில் ‘நோ செலக்‌ஷன்’ மட்டும் வருகிறது

முதல் சந்தேகம் எப்போதும் தேதி மேல். டிராப்டவுனில் வரும் மதிப்புகளின் பட்டியலான பிக்லிஸ்டுக்கும் எஃபெக்டிவ் தேதி உண்டு. பிக்லிஸ்டை இந்த வாரம் உருவாக்கி, தொடக்கத் தேதியை இன்றைய தேதியாகவே விட்டுவிட்டு, போன வருஷத்து ரெக்கார்டைத் திறந்தால், அந்தத் தேதியில் அந்தப் பிக்லிஸ்டே பிறந்திருக்காது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பிக்லிஸ்டின் தொடக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு 1900 ஜனவரி 1 என்று வைக்கிறார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நிம்மதி.

தேதி சரியென்றால், ஃபீல்டின் ‘வேலிட் வேல்யூஸ் சோர்ஸ்’ இடத்தில் பிக்லிஸ்டின் கோடு எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளை அங்கே போட்டால் வேலை செய்யாது. பேரன்ட் பிக்லிஸ்ட் ஒன்றைச் சார்ந்த பட்டியல் என்றால், மேலே உள்ள ஃபீல்டில் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்காமல் இருக்கலாம்.

ஃபீல்டின் டைப் பிக்லிஸ்டாக இல்லாமல் ‘ஜெனரிக் ஆப்ஜெக்ட்’ என்றால் இன்னொரு கோணம் உண்டு. லேப்டாப் மாடல்களை ஒரு தனி ஆப்ஜெக்டில் வைத்து அதை இங்கே இழுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊழியருக்கு அந்த மாடல் ஆப்ஜெக்டைப் பார்க்கவும் வியூ பெர்மிஷன் வேண்டும். அட்மினுக்கு எல்லாம் வருகிறது, ஊழியருக்கு மட்டும் காலி என்றால் அநேகமாக இதுதான் காரணம். ஃபீல்டு க்ரைட்டீரியா போட்டு வடிகட்டியிருந்தால், சோர்ஸ் பக்கமும் டெஸ்டினேஷன் பக்கமும் இடம் மாறிப் போயிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மேனேஜருக்கு எல்லோருடையதும் தெரிகிறது, அல்லது யாருடையதும் தெரியவில்லை

எல்லோருடையதும் தெரிவதுதான் அவசரம். மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள்.

செக்யூர்ட் ‘நோ’ என்று இருந்தால், ‘என் டீமில் உள்ளவர்கள் மட்டும்’ என்ற வரம்பு அங்கே கிடையாது. ‘யெஸ்’ என்று வைத்தால் மட்டும் போதாது, ‘ஆர்.பி.பி சப்ஜெக்ட் யூசர் ஃபீல்டு’ (ஆர்.பி.பி என்பது ரோல் வழியாகப் பெர்மிஷன் தரும் முறை) என்ற இடத்தில், இந்த ரெக்கார்டு யாரைப் பற்றியது என்று சொல்லும் ஃபீல்டைக் குறிப்பிட வேண்டும். நம் உதாரணத்தில் அது எக்ஸ்டர்னல் கோடு. அது இல்லாவிட்டால், ரோலில் நீங்கள் கொடுத்த டார்கெட் பாப்புலேஷனோடு (யாருடைய தகவலைப் பார்க்கலாம் என்ற வரம்பு) ரெக்கார்டை ஒப்பிட்டுப் பார்க்க சிஸ்டத்துக்கு வழியில்லை. டெஃபினிஷனின் மேல்பகுதியில் வெறும் ‘சப்ஜெக்ட் யூசர் ஃபீல்டு’ என்று இன்னொன்று இருக்கும். பெயர் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலை வேறு. அதை நிரப்பிவிட்டு செக்யூரிட்டி முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது.

பார்ப்பதில் வரம்பு சரியாக இருக்கிறது, ஆனால் தன் டீமில் இல்லாதவருக்கும் ஒரு மேனேஜர் புதிய ரெக்கார்டு போட முடிகிறது என்றால், ‘க்ரியேட் ரெஸ்பெக்ட்ஸ் டார்கெட் க்ரைட்டீரியா’ என்ற அமைப்பைத் தேடுங்கள். அது ‘நோ’வில் இருக்கும்.

யாருடையதும் தெரியவில்லை என்ற பக்கத்தில், ‘வியூ யூசர் பெர்மிஷன்’ கருவியில் அந்த மேனேஜரின் பெயரைப் போட்டு, எந்த ரோல் வழியாக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். சைல்டையும் செக்யூர்ட் என்று வைத்திருந்தால், பேரன்டுக்குக் கொடுத்த பெர்மிஷன் போதாது. சைல்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். பிளாக் வருகிறது, உள்ளே அட்டவணை மட்டும் காலி என்பது இதன் அடையாளம்.

எஃபெக்டிவ் டேட்டிங் உள்ள ஆப்ஜெக்டுகளில் பெர்மிஷன் இன்னும் பொடிப்பொடியாகப் பிரியும். இன்றைய வரி தெரிகிறது, பழையது தெரியவில்லை என்றால் ‘வியூ ஹிஸ்டரி’ இல்லை. புதிய தேதியில் மாற்ற முடிகிறது, பழைய தேதியின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியவில்லை என்றால் ‘இன்சர்ட்’ இருக்கிறது, ‘கரெக்ட்’ இல்லை. கரெக்டை யோசித்துக் கொடுங்கள். நடந்ததை மாற்றி எழுதும் அனுமதி அது.

ரூல் எழுதினேன், ஓடவே இல்லை

திரும்ப வாங்கிய தேதி கொடுத்த தேதிக்கு முன்னால் இருந்தால் எரர் காட்ட வேண்டும் என்று ஒரு ரூல் எழுதியிருக்கிறீர்கள். ‘கான்ஃபிகர் பிசினஸ் ரூல்ஸ்’ திரையில் எழுதி சேவ் செய்தால் மட்டும் அது ஓடாது. ஆப்ஜெக்ட் டெஃபினிஷனின் ரூல்ஸ் பகுதியில், சரியான நிகழ்வின் கீழ் மாட்ட வேண்டும். தேதி இரண்டும் சைல்டில் இருப்பதால் சைல்டின் டெஃபினிஷனில் மாட்ட வேண்டும். ரூலின் பேஸ் ஆப்ஜெக்டும் (ரூல் எந்த ஆப்ஜெக்டின் மேல் எழுதப்படுகிறதோ அது) சைல்டாகவே இருக்க வேண்டும்.

எந்த நிகழ்வு என்பது முக்கியம். ஃபீல்டில் மாட்டும் ஆன்-சேஞ்ச் ரூல், திரையில் ஒருவர் அந்த மதிப்பை மாற்றும்போதுதான் ஓடும். சி.எஸ்.வி ஃபைல் ஏற்றும்போதோ வேறு மென்பொருளிலிருந்து ஏ.பி.ஐ வழியாக வரும்போதோ அதற்கு வேலை இல்லை. "கையால் போட்டால் எரர் வருகிறது, இம்போர்டில் தப்பான தேதி தாராளமாக உள்ளே போகிறது" என்ற புகாருக்கு விடை இதுதான். தடுக்க வேண்டிய விஷயத்தை சேவ் ரூலில் வையுங்கள். ஆன்-சேஞ்சைத் திரையில் உட்கார்ந்திருப்பவருக்கு உதவி செய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, திரும்ப வாங்கிய தேதி காலியாக இருக்கும் வரிகளையும் நினைவில் வையுங்கள். பொருள் இன்னும் ஊழியரிடமே இருந்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். ‘நல் அல்ல’ (காலி அல்ல) என்ற நிபந்தனையை முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

ரூலுக்கும் தொடக்கத் தேதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் ‘பிசினஸ் ரூல் எக்ஸிக்யூஷன் லாக்’ கருவியை அந்த யூசருக்கும் அந்த ரூலுக்கும் ஆன் செய்து, ஒருமுறை சேவ் செய்து, லாகைப் படியுங்கள். எந்த நிபந்தனை எந்த மதிப்போடு ட்ரூ அல்லது ஃபால்ஸ் ஆனது என்று வரி வரியாக இருக்கும். ஊகித்துக்கொண்டே அரை நாள் ஓட்டுவதைவிட இது மேல்.

இம்போர்ட் பாதி ஏறுகிறது, பாதி ஏறவில்லை

வரிசை: பேரன்ட் முதலில், சைல்டு பின்னால். டெம்ப்ளேட்டை ‘இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட் டேட்டா’விலிருந்தே எடுங்கள், மேல் வரிகளின் தலைப்பைத் தொடாதீர்கள். பிக்லிஸ்ட் உள்ள பத்திகளில் லேபிள் அல்ல, எக்ஸ்டர்னல் கோடு. தேதி வடிவம் பற்றிச் சந்தேகமா? 03/04 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று சிஸ்டம் உங்களிடம் கேட்காது. கையால் ஒரு ரெக்கார்டு போட்டு எக்ஸ்போர்ட் செய்து, அதில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள்.

எக்செல்தான் இங்கே பெரிய எதிரி. 00457 என்ற ஊழியர் எண்ணை 457 ஆக்கும். முழுக்க எண்களாலான நீளமான சீரியல் நம்பரை 3.56E+14 என்று சுருக்கி வைக்கும், சேவ் செய்தால் கடைசி இலக்கங்களும் போய்விடும். அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் என்று அமைத்துவிட்டுத் திறக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களோ வேறு ஆங்கிலமல்லாத எழுத்துகளோ கேள்விக்குறிகளாக மாறியிருந்தால், ஃபைலை யூ.டி.எஃப்-8 ஆக சேவ் செய்யவில்லை, அல்லது இம்போர்ட் திரையில் ஃபைல் என்கோடிங்கில் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

‘ஃபுல் பர்ஜ்’, ‘இன்க்ரிமென்டல் லோட்’ என்ற தேர்வில் கவனம். ஏற்கெனவே மூன்று பொருள் உள்ள ஊழியருக்கு நாலாவது பொருளை மட்டும் ஃபைலில் எழுதி ஃபுல் பர்ஜ் கொடுத்தால், மீதம் இருப்பது அந்த நாலாவது மட்டும். சேர்ப்பதற்கும் திருத்துவதற்கும் இன்க்ரிமென்டல்தான். முடிவை ‘மானிட்டர் ஜாப்ஸ்’ திரையில் பாருங்கள். எந்த வரி ஏன் தோற்றது என்ற ஃபைலை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஏ.பி.ஐ பக்கம்

ஓ-டேட்டா எனப்படும் ஏ.பி.ஐயில் ஆப்ஜெக்டே இல்லை என்று இன்டெக்ரேஷன் டீம் சொன்னால், டெஃபினிஷனில் ஏ.பி.ஐ விசிபிலிட்டியைப் பாருங்கள். ‘நாட் விசிபிள்’ என்றால் ‘ரீட் ஒன்லி’ அல்லது ‘எடிட்டபிள்’ ஆக்குங்கள். அதோடு ‘ஓ-டேட்டா ஏ.பி.ஐ மெட்டாடேட்டா ரெஃப்ரெஷ் அண்ட் எக்ஸ்போர்ட்’ திரையில் கேஷைப் புதுப்பிக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த ஃபீல்டு வராததற்கும் இதே மருந்துதான்.

எஃபெக்டிவ் டேட்டிங் உள்ள ஆப்ஜெக்டில் ஒரே வரிதான் வருகிறது என்றால், தேதி எதுவும் கேட்காததால் இன்றைய நிலவரம் மட்டும் வந்திருக்கிறது. ஹிஸ்டரி வேண்டுமென்றால் ஃப்ரம்-டேட் கொடுத்துக் கேட்க வேண்டும். அப்சர்ட் (இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்) செய்து 200 என்ற பதில் எண் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்தது என்பதற்கான 200 அது. ஒவ்வொரு ரெக்கார்டின் கதியும் பதிலுக்குள்ளே தனித்தனியாக இருக்கும்.

டெஸ்டில் ஓடுகிறது, புரொடக்‌ஷனில் ஓடவில்லை

எதையோ கொண்டுபோக மறந்திருக்கிறீர்கள். பிக்லிஸ்ட், ஆப்ஜெக்ட், ரூல், கான்ஃபிகரேஷன் யூஐ, ரோல், ப்ரொஃபைல் பிளாக் என்ற வரிசையில் சரிபாருங்கள். ஆப்ஜெக்ட் ரூலைக் கேட்கும், ரூல் ஆப்ஜெக்டைக் கேட்கும் என்பதால் இம்போர்ட் முட்டிக்கொண்டு நிற்கும். ரூல் இணைப்பு இல்லாமல் ஆப்ஜெக்டை முதலில் ஏற்றி, ரூலை ஏற்றி, அப்புறம் இரண்டையும் மாட்டுங்கள். புரொடக்‌ஷனில் கையால் மறுபடி உருவாக்குகிறவர்கள் கோடில் ஓர் எழுத்து மாறினாலும் மாட்டிக்கொள்வார்கள். முன்னால் ‘கஸ்ட்’ என்ற ஒட்டைச் சிஸ்டமே சேர்த்துக்கொள்ளும், மீதிப் பெயர் உங்கள் பொறுப்பு, சேவ் செய்த பிறகு மாற்ற முடியாது. லேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் கோடில் அழகு பார்க்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். ஆப்ஜெக்டின் கோடு, ஓர் உதாரண ரெக்கார்டு, பார்த்த யூசர், பார்த்த தேதி, மேனேஜ் டேட்டாவின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று, கோளாறு தெரியும் திரையின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று, ரூல் சம்பந்தப்பட்டதென்றால் எக்ஸிக்யூஷன் லாக். ஸ்கிரீன்ஷாட்டில் ஊழியர்களின் சம்பளம், பிறந்த தேதி போன்றவை தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.